அடியிலிருந்து வந்த சத்தம்

சத்தத்தை முதலில் கேட்டது நான் இல்லை, என் மனைவி. திருத்தணியில் காய்கறி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு வேகத்தடையில் நிறுத்தி மறுபடி எடுத்தபோது சொன்னாள்.

"அடியில இன்னாமோ இடிக்குது."

"ரோடு அப்படி," என்றேன்.

"ரோடு சும்மாதான படுத்துகினு கீது. எகிர்றது நம்ம வண்டிதான்."

அவள் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். சோறு தின்றுகொண்டிருக்கும்போது தறியின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் அந்த வீட்டில் யாராவது எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தக் காதோடுதான் என் வீட்டுக்கு வந்தாள். ஜீப் வாங்கிய பதினோரு வருஷத்தில் மூன்று கோளாறுகளை மெக்கானிக்குக்கு முன்பே அவள் சொல்லியிருக்கிறாள். மூன்று முறையும் நான் இல்லை என்று சாதித்தேன். மூன்று முறையும் அவள் சொன்னதுதான் நடந்தது. அந்த அனுபவம் எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை.

எங்கள் ஊர் ஆர்.கே.பேட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது. நிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆறு என்று பெயர்தானே தவிர, வருஷத்தில் பத்து மாதம் அது வெறும் மணல். அந்த மணலைத் தாண்டுவதற்காகத்தான் நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஓட்டுகிறவனுக்கு இடது பக்கத்தில் இரண்டு கம்பிகள் நிற்கும். நீளமானது கியர். குட்டையானதைத் தள்ளினால் முன்சக்கரத்துக்கும் எஞ்சினின் இழுப்பு போகும். எங்கள் பக்கத்தில் அதை ஃபோர் வீல் போடுவது என்பார்கள். களை எடுக்க, கடலை பிடுங்க, ஊரின் கிழக்குக் கோடியிலிருந்து எட்டுப் பெண்கள் வருவார்கள். காலையில் அவர்களை ஏற்றிக்கொண்டு போய் சாயங்காலம் கொண்டுவந்து விடுவேன். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. பின்கதவுக்குப் பதில் ஒரு சங்கிலி. அவர்கள் உயிர் என் கையில் இருக்கிறது என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. காலில் இருக்கிறது என்று நினைத்திருக்க வாய்ப்பே இல்லை.

இந்த இடத்தில் என் காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவேன். கடைசி மூன்று வருஷம் இரண்டு பாதமும் எரிந்தன. மிளகாய் அரைத்துப் பூசியது போன்ற எரிச்சல். ஈரத்துணி சுற்றிக்கொண்டு படுப்பேன். தைலம், கஷாயம், யாரோ பள்ளிப்பட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த எண்ணெய், எதற்கும் அடங்கவில்லை. ஒரு கிருத்திகை அன்று திருத்தணி மலைமேல் நின்று வேண்டிக்கொண்டேன். முருகா, இந்த எரிச்சல் நின்றால் ஆடிக் கிருத்திகைக்கு பூக்காவடி எடுக்கிறேன் என்றேன். பங்குனியில் எரிச்சல் குறைந்தது. சித்திரையில் சுத்தமாக நின்றுவிட்டது. நான் போகிற வருகிற ஆளையெல்லாம் நிறுத்தி இதைச் சொன்னேன். ஆனியில் மாலை போட்டுக்கொண்டேன்.

மாலை போட்டால் செருப்பு கிடையாது. மஞ்சள் வேட்டி, ஒருவேளைச் சாப்பாடு, இரண்டு வேளைக் குளியல். இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. மாலை போட்ட நிமிஷத்திலிருந்து ஊரே உங்களைச் சாமி என்றுதான் கூப்பிடும். நேற்றுவரை நைனா என்று கூப்பிட்ட பெண்கள் சாமி என்றார்கள். டீக்கடைக்காரர் சாமி என்றார். என் மனைவியும் சாமி என்றாள். சாமியை யாரும் திட்டக்கூடாது, எதிர்த்துப் பேசக்கூடாது, குறை சொல்லக்கூடாது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என் மனைவி என்னைத் திட்டாமல் இருந்தது அந்த ஒரு மண்டலம்தான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

சத்தம் ஆரம்பித்ததும் அதே ஆனியில்தான். வண்டியை நகர்த்தும்போது ஒரு உதறல், அடியில் 'டங்' என்று ஒரு இடி. கியர் மாற்றினால் மறுபடி ஒன்று. ஒரு வாரம் பொறுத்துவிட்டு திருத்தணிக்கு ஓட்டிப் போனேன்.

மெக்கானிக் ஷெட் சித்தூர் ரோட்டில் இருக்கிறது. ஷெட்காரர் நகரி பக்கத்து ஆள், என் வயதுதான். உறவு ஒன்றும் இல்லை. ஆனால் பல வருஷமாக அவர் என்னை பாவா என்பார், நானும் பாவா என்பேன். யார் யாருக்கு மச்சான் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் பதில் தெரியாது. என் வாயைப் பிடுங்கி வேடிக்கை பார்ப்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை. அன்றைக்கு என் கழுத்தைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்க சாமி," என்றார்.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு அடியில் படுத்தார். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுற்றலைக் கொண்டுபோகும் நீளத் தண்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பினார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். தண்டின் முனையில் கூட்டல் குறி போல ஒரு இணைப்பு. அதை கிராஸ் என்பார்கள். அது கொஞ்சம் ஆடியது. தண்டு திரும்பி, கிராஸ் ஒரு விரல்கடை சும்மா ஆடிய பிறகுதான் அடுத்த பக்கம் திரும்பியது.

"இந்த ஆட்டம்தான் சாமி இடிக்குது. கிராஸ மாத்திடலாம். ஆனா ஒரு எடத்துல ஆடுனா இன்னொரு எடத்துலயும் ஆடும். ஒண்ணொண்ணா பாக்கணும்."

முன்னாலும் பின்னாலும் கிராஸ் மாற்றினார். எஞ்சின் உட்காரும் ரப்பர் வெடித்திருந்தது, அதையும் மாற்றினார். கியர் பெட்டிக்கு மேலே இருக்கும் தகட்டைக் கழற்றி எண்ணெய் பார்த்தார். தகட்டின் மேல் கிடந்த ரப்பர் விரிப்பு கிழிந்து நாறிப்போயிருந்தது. "இத வேற போடணுமா?" என்று கேட்டார். தூக்கிப் போடுங்க என்றேன். நான் போட்ட உத்தரவுகளில் அதைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டு நாள் சத்தம் இல்லை. இல்லை என்று நான் நம்பினேன் என்று சொல்வதுதான் சரி. மூன்றாம் நாள் கிருத்திகை. மலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பாதி மலையில் ஒரு வளைவில் ஸ்டீரிங் கல்லாகக் கனத்தது. அடியில் டங் டங் என்று இரண்டு இடி. பக்கத்தில் இருந்த மனைவி எதிரே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கோயிலில் கும்பிட்டுவிட்டு நேராக ஷெட்டுக்குப் போனேன்.

"எங்க இடிச்சது? நேர் ரோட்டுலயா, வளைவுலயா?" என்றார் மெக்கானிக்.

"மலை வளைவுல."

"ஃபோர் வீல் போட்டீங்களா?"

"மலையாச்சே. போடாம?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. மாலையைப் பார்த்தார். சிரிப்பை விழுங்கினார்.

"தார் ரோட்டுல போடக்கூடாது சாமி. வளைவுல முன்சக்கரம் ஒரு தூரம் ஓடும், பின்சக்கரம் ஒரு தூரம் ஓடும். மணல்னா கொஞ்சம் சறுக்கி சரி பண்ணிக்கும். தார்ல சறுக்க ஏது எடம்? உள்ள முறுக்கு ஏறிகினே போவும். தாங்காம ஒரு எடத்துல டங்குனு உட்ரும்."

பதினோரு வருஷம் ஓட்டியவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. மணலில் போடுவேன், கரையேறினதும் எடுத்துவிடுவேன். மலைக்கு எப்போதும் சாதாரணமாகத்தான் போவேன். இந்த முறை போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் வண்டி உதறி அணைந்துபோனது. நாலு சக்கரமும் இழுத்தால் உதறாது என்று நானாக ஒரு வைத்தியம் செய்துகொண்டேன். அந்த உதறலைத்தான் முதலில் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

ஃபோர் வீலை எடுத்துவிட்டு ஓட்டினேன். வளைவில் வந்த இடி நின்றது. கிளம்பும்போது வருகிற உதறல் நிற்கவில்லை. வரவர அதிகமாயிற்று. வண்டி நகரும், நிற்கும், பாயும். பின்னால் இருக்கும் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து எழுவார்கள். ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு, நான் கியரில் கை வைப்பதற்கு முன்பே பெஞ்சு விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்திதான் மற்றவர்களுக்கெல்லாம் பொறுப்பு. நாற்பது வயது இருக்கும். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று அவள்தான் எனக்குச் சொல்வாள். ஒருநாள் பின்னால் புல்லுக்கட்டு நிறைய இருந்ததால் அவள் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணலைத் தாண்டிக் கரையேறி வந்தபோது அவள் கால் விரிப்பு இல்லாத நடுத் தகட்டில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"தகடு கொதிக்குது சாமி. உங்க காலு அது மேலதான கீது?"

"எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா," என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கூப்பினாள். பின்னால் இருந்தவர்களிடம் திரும்பி ஏதோ சொன்னாள். அவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? கொதிக்கிற தகட்டில் கால் வைத்தும் சுடவில்லை, முருகன் என்னைத் தாங்குகிறான் என்று நம்பினேன். வேண்டுமென்றே பாதத்தை நன்றாக அழுத்தி வைத்தேன். அவர்கள் பார்க்கட்டும் என்று வைத்தேன். இதை எழுதுவதற்கே கூசுகிறது.

மூன்றாவது முறை ஷெட்டுக்குப் போனபோது நான் கோபமாகவே இருந்தேன். கிராஸ் மாற்றியாயிற்று, ரப்பர் மாற்றியாயிற்று, இன்னும் உதறுகிறதென்றால் இந்த ஆளுக்கு வேலை மறந்துவிட்டது என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே போனேன். அவர் கிளட்ச் பிளேட்டின் நிலையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"போட்டு ஒரு வருஷம்கூட ஆவல. இதுக்குள்ள இவ்ளோ தேஞ்சுகினு கீது. நீங்க ஓட்டுங்க சாமி, நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

அரக்கோணம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். நாலு இடத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். நாலு இடத்திலும் உதறியது. நான் அவர் சத்தத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடம் மாறி அவர் ஓட்டினார். ஏற்றத்தில் நிறுத்தினார், எடுத்தார். வண்டி ஒரு முணுமுணுப்பு இல்லாமல் போனது. இன்னொரு இடத்தில் நிறுத்தினார், எடுத்தார். அங்கும் ஒன்றும் இல்லை. எனக்கு அது அவமானமாக இருந்தது. வண்டி அவரைக் கண்டால் நடிக்கிறது என்று தோன்றியது.

ஷெட்டில் இறங்கியதும் பழந்துணியால் கையை ரொம்ப நேரம் துடைத்தார்.

"சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு செருப்பு போட்டுகினு ஓட்டுங்களேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மாலை போட்டவனைப் பார்த்து செருப்புப் போடு என்கிறாயா, உனக்கு வேலை தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல், என் விரதத்தை ஏன் இழுக்கிறாய் என்று கத்தினேன். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். பாவா என்று கூப்பிட்ட வாயால் அவரை என்னென்னவோ சொன்னேன்.

"தப்புதாங்க சாமி," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவரு ஓட்டும்போது ஒதறலயா?"

"இல்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாக்கு நுனிவரை வந்ததாம். மாலையைப் பார்த்து அடக்கிக்கொண்டாளாம். இதைப் பிறகு சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

அது நடந்தது ஆடிக் கிருத்திகைக்கு ஒன்பது நாள் முன்னால். சாயங்காலம், களை எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மணலைத் தாண்டிக் கரையில் ஏறும்போது மேலே ஆடுகள் குறுக்கே வந்தன. ஏற்றத்தின் நடுவில் நிறுத்தினேன். ஆடுகள் போனதும் எடுத்தேன். கிளட்சை மெல்ல விடுவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. பின்னால் சங்கிலி அறுந்த சத்தமும் பெண்களின் கூச்சலும் சேர்ந்து கேட்டன.

விழுந்தது அந்தப் பொறுப்புக்காரிதான். மற்றவர்களை உள்ளே தள்ளி உட்காரவைத்துவிட்டு அவள் எப்போதும் ஓரத்தில்தான் உட்காருவாள். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு மடங்கிப்போயிருந்தது. கை பார்க்கக்கூடாத கோணத்தில் இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கி ஓடினேன். ஓடும்போதுகூட மனதுக்குள் மெக்கானிக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

துண்டில் கையைக் கட்டி, முன்சீட்டில் உட்காரவைத்து, திருத்தணி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் அவள் வண்டி உதறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். சீட்டு எழுதி வாங்கி, எக்ஸ்ரே எடுக்கச் சொன்ன இடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்போது தரையைத் துடைக்கிற அம்மாள் வாளியோடு வந்து நின்றார்.

"யாரு காலுங்க இது? வாசல்லேர்ந்து இதுவரைக்கும் கறையா வந்துகினு கீது."

நான் பக்கத்தில் இருந்தவளின் காலைப் பார்த்தேன். அவள் கால் மணலும் மண்ணுமாக இருந்தது, காயம் இல்லை. வெள்ளைத் தரையில் ஒரு அடி விட்டு ஒரு அடி, இடது பாதத்தின் கறை மட்டும், வாசலிலிருந்து என் கால்வரைக்கும் வந்திருந்தது. நான் காலைத் தூக்கி மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன்.

விரல்களுக்குக் கீழே தோல் வெந்து கறுத்து உரிந்திருந்தது. நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஒரு சின்னக் கல் பதிந்திருந்தது. நான் அதை விரலால் எடுத்தேன். வலிக்கவில்லை. அவ்வளவு பயம் அதற்குமுன் என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை.

"நாங்க பத்து நாளா பாத்துகினுதான் இருக்கறோம் சாமி," என்றாள் அவள், உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு. "நீங்க வண்டியில ஏறும்போது பாதத்துல புண்ணு தெரியும். வேண்டுதல்ல இருக்கறீங்க, சாமி தாங்கிக்கினு கீதுன்னு நெனச்சிகினோம்."

அவளுக்குக் கட்டுப் போட்டு முடிந்ததும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காலில் தொடும்போது சொல்லுங்கள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். காத்திருந்தேன்.

"எப்ப தொடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தொட்டு முடிச்சிட்டேங்க," என்றார்.

கண்ணைத் திறந்தேன். அவர் கையில் ஒரு மெல்லிய நைலான் இழை இருந்தது. கால் எரிச்சல் இருந்ததா என்று கேட்டார். மூன்று வருஷம் இருந்தது, சித்திரையில் நின்றுவிட்டது, அதற்காகத்தான் இந்த மாலை என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"நின்னது எரிச்சல் மட்டும் இல்லைங்க. காலுக்கு உணர்ச்சியே போயிடுச்சி. அதனாலதான் எரிச்சல் தெரியல," என்றார்.

நான் முருகன் மேல் பழி போடவில்லை. எரிச்சல் நிற்க வேண்டும் என்று கேட்டேன், நின்றது. மாத்திரையைத் தின்ன வேண்டியவன் நான். ஆனால் எதற்காக ஊரைக் கூட்டி நன்றி சொன்னேனோ, அது என் கால் செத்துக்கொண்டிருந்ததற்கு என்று தெரிந்தபோது அழுகை வந்தது. அந்தச் சின்னப் பையன் டாக்டர் முன்னால் அழுதேன்.

வண்டியின் கோளாறும் அங்கேயே விளங்கிவிட்டது. கிளட்சை விடும்போது அது எவ்வளவு மேலே வந்தது, எந்த இடத்தில் பிடிக்க ஆரம்பிக்கிறது என்று பாதத்துக்குத்தான் தெரியும். கண்ணுக்கும் காதுக்கும் அங்கே வேலை இல்லை. பாதத்துக்குத் தெரியாவிட்டால் பெடல் சட்டென்று மேலே வரும். எஞ்சின் முழு வேகத்தில் சக்கரத்தைப் பிடிக்கும், வழியில் இருக்கிற ஒவ்வொரு இணைப்பும் இடிக்கும். புது கிராஸ் போட்டாலும் இடிக்கும். பாதி மிதித்தபடி கால் அங்கேயே கிடந்தால் பிளேட்டும் தேயும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள், பாதத்தைக் காப்பாற்றினார்கள். ஆடிக் கிருத்திகை அன்று நான் படுக்கையில் இருந்தேன். மனைவி என் கழுத்து மாலையைக் கழற்றிக் கொண்டுபோய் மலையில் வைத்துவிட்டு வந்தாள். வந்தவுடன் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். ஒரு மண்டலத்துப் பாக்கியையும் சேர்த்துத் திட்டினாள். பக்கத்துப் படுக்கைக்காரர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். என் கழுத்தில் மாலை இல்லை என்பதைப் பார்த்த பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எப்படிக் கீற பாவா?" என்றார்.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"ஆங். தெரியும். ஒரு தரம் உன் காலு பெடல் மேலயே இல்ல. பக்கத்துல தகட்ட அமுக்கிகினு இருந்த. கிளட்ச மிதிக்கறதா நெனச்சிகினு கியர் போட்ட."

"ஏன் சொல்லல?"

"சொன்னனே. செருப்பு போடச் சொன்னேன்."

"அது சொல்றதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பாவான்னா சட்டையப் புடிச்சி வண்டிய விட்டு எறக்கி இருப்பேன். சாமிகிட்ட இன்னா சொல்றது?"

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. அவர் அன்று என் சட்டையைப் பிடித்திருந்தால் ஒருத்தியின் கை உடைந்திருக்காது. ஆனால் பிடிக்க முடியாதபடி அந்த டீக்கடைக்கு எதிரே கத்தியது யார் என்றும் எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவரும் சொன்னார். இரண்டு பேருக்கும் அது வாயில் சரியாக வரவில்லை.

புண் ஆற மூன்று மாதத்துக்குமேல் ஆயிற்று. அந்தக் காலுக்குத் தோதாக ஒரு செருப்பு தைத்துக் கொடுத்தார்கள். இனிமேல் கிளட்ச் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். நானும் தலையாட்டினேன். கார்த்திகையில் கடலை பிடுங்கும் வேலை வந்தது. மழை பெய்து ஆற்றில் முழங்கால் தண்ணீர் ஓடியது. நடந்து போனால் பெண்களின் புடவை நனையும். இருப்பது மூன்று கிலோமீட்டர், அதில் டாக்டருக்கு என்ன தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மனைவி சாவியைத் தர மாட்டேன் என்றாள். அவள் கொல்லைப் பக்கம் போன நேரத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உண்மையில் பெண்கள் நனைவது எனக்குக் கவலை இல்லை. ஸ்டீரிங் பிடிக்காத ஆளாக ஊரில் நடக்க எனக்குப் பிடிக்கவில்லை.

கிழக்குக் கோடியில் போய் நிறுத்தினேன். எட்டுப் பேரும் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒருவரும் ஏறவில்லை.

"ஏறுங்கம்மா, நேரம் ஆவுது."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறுப்புக்காரி முன்னால் வந்தாள். அவள் மணிக்கட்டு சேர்ந்துவிட்டது, ஆனால் லேசாகக் கோணலாகச் சேர்ந்திருந்தது. அந்தக் கையைத்தான் ஜீப்பின் கதவு விளிம்பில் வைத்தாள்.

"நைனா, வண்டிய இங்கியே உட்டுட்டு எறங்கிக்கங்க. நாங்க தண்ணியில நடந்தே வந்துடறோம்."

"காலெல்லாம் ஆறிப்போச்சும்மா. பாரு, செருப்பு வேற போட்டுகினு கீறேன்."

"ஆங், ஆறிச்சி. நல்லதுதான்." அவள் குரலில் கோபம் இல்லை. "கிளட்ச்சு மேல காலு கீதா இல்லயான்னு உங்களுக்குத் தெரியுதா நைனா?"

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்வதற்கு முன் நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. நான் குனிவதை அவளும் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் நின்ற ஏழு பேரும் பார்த்தார்கள். பெடலுக்கும் தகட்டுக்கும் நடுவில் கிடந்தது என் கால்.

அவள் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். எட்டுப் பேரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்கள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன்.